கேசட்டில் என் குரல்

10.9.86 புதன்

விடியும் முன்பே புழுக்கம். அம்மாமண்டபம் ரோட்டுச் சத்திரத்தில் கல்யாணம். பெண் வசந்தி, ஊர் தொட்டியம். அப்பா இல்லை, சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். போட்டோ எடுத்ததில் நாலு ரோல் பிலிம் ஆயிற்று.

மேடையில் வீடியோக்காரன் ஆரோக்கியமும். மன்னார்புரத்தில் புதுக்கடை. அவன் லைட் சூட்டில் மாப்பிள்ளையின் விபூதியே கரைந்துவிட்டது!

பந்தியில் பக்கத்து இலை அவனுக்கு. “இன்னும் அஞ்சு வருஷம்ணே. அப்புறம் ஆல்பத்த யார் தொறப்பா?”

“வீடியோ டெக் இல்லாத வீட்ல கேசட்ட ஆணி அடிச்சு மாட்டுவாங்களாடா?” என்றேன். சிரித்தான். ரசம் பிரமாதம்.

13.9.86 சனி

தூறல். பிரிண்ட் போட்டு முடித்தேன். தாலி கட்டும் படம் பளிச். பெண் மட்டும் எங்கேயோ பக்கவாட்டில் பார்க்கிறது. எத்தனை தரம் “இங்க பாரும்மா” என்று கத்தினேன்! எரிச்சல்.

வாங்க வேண்டியவை: ஆல்பத்தில் படம் செருகும் கார்னர், பேட்டரி, வீட்டுக்குக் கடுகு.

21.9.86 ஞாயிறு

ஆல்பம் கொடுக்கத் தொட்டியம் போனேன். பஸ்ஸில் வாழைத்தார்களுக்கு நடுவே. போயிருக்கவே வேண்டாம்.

வாடகை டெக் வைத்துக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. கூடம் நிறைய ஜனம். “வாங்க வாங்க, நீங்களும் பாருங்க” என்று நாற்காலி போட்டார்கள்.

திரையில் மேடை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். வசந்தியின் பின்னால், பொட்டில்லாத நெற்றியோடு ஒரு அம்மாள் வந்து நிற்கிறாள். உடனே என் முதுகு. கெட்டி மேளத்தையும் மீறி என் குரல்: “அம்மா, தாலிகட்டுப் படத்துல நீங்க வரக்கூடாது. தள்ளிப் போங்க.” அந்த அம்மாள் விலகுகிறாள். வசந்தியின் கண் அவள் பின்னாலேயே போகிறது.

வசந்தியைப் பெற்ற தாய். எனக்கு நாற்காலி போட்டதும் அவர்தான்.

பெண்தான் பிடிவாதமாக அம்மாவை மேடைக்கு வந்து நிற்கச் சொல்லியிருந்தாளாம். அவரைத் தள்ளிப் போகச் சொல் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. படம் பார்க்கும்போது வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்களே என்று நானாகவே முந்திக்கொள்வேன். பதினாறு வருஷமாக. எத்தனை பேரைத் தள்ளிப் போகச் சொல்லியிருப்பேன்? ஒரு படத்திலும் அது தெரியாது. படு சுத்தமான படங்கள். சே.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றேன்.

“நீங்க என்ன பண்ணுவீங்க. நாந்தான் ஆசைல வந்து நின்னுட்டேன். காப்பி ஆறுது, குடிங்க.”

திட்டியிருக்கலாம்.

22.9.86 திங்கள்

கடை திறக்கவில்லை. வீட்டில் “உடம்பு சரியில்லையா?” என்றாள். ஆமாம் என்றேன்.

ஆரோக்கியத்திடம் போனேன். என் குரலை மட்டும் அழித்துவிடு என்று கெஞ்சினேன். “முடியும்ணே. ஆனா மேளமும் மந்திரமும் சேந்து போயிடும். இல்லாட்டி அந்த எடத்தயே வெட்டணும். அவங்கள ஒரு வார்த்த கேளுங்க” என்றான். ஆல்பத்தைப் பற்றி ஒரு கேலிகூடப் பேசவில்லை. அதுவே என்னவோ போலிருந்தது.

25.9.86 வியாழன்

மழை. வசந்தி மாப்பிள்ளையோடு கடைக்கு வந்தாள். கேசட்டில் அந்த இடத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.

“வேண்டாங்க. எங்கம்மா எம் பின்னாடி வந்து நின்னது அதுல மட்டுந்தான் இருக்கு.”