பக்கத்து சீட்டுக்கு மேலே

ஜூன் 8, ஞாயிறு

மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு என் பிள்ளை எனக்குக் கிடைக்கிறாள். அதிலும் பாதிப் பொழுது ஜீப்பிலேயே போகிறது. ஜீப்பிலோ காது கிழிகிறது. பழைய கூரை நைந்துபோனதால் கடையில் ரெடிமேடாக வாங்கி மாட்டிய துணிக்கூரை இது. எந்த ஜீப்புக்கும் பொருந்தும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எந்த ஜீப்புக்கும் சரியாகப் பொருந்தாது என்பது மாட்டிய பிறகுதான் புரிந்தது.

புறவழிச்சாலையில் ஏறியதும் முன்கண்ணாடியின் மேல்மூலையில் விசில் கிளம்பும். பின்னால் துணி படபடவென்று அடிக்கும். "ஸ்கூல் எப்படிப் போகுது?" என்று கத்தினேன். "என்னது?" என்று அவளும் கத்தினாள். மறுபடி கத்தினேன். சும்மா தலையை ஆட்டிவிட்டு இயர்போனைச் செருகிக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

அவள் அம்மா போன் செய்தாள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவாராம். அப்பாவிடம் தொடர்ந்து போக விருப்பமா என்று அவளையே கேட்பார்களாம். "நான் எதுவும் சொல்லிக் குடுக்க மாட்டேன். அவ என்ன சொல்றாளோ அதுதான்" என்றாள். நியாயம்தான். இப்படி நியாயமாகப் பேசினால் சண்டை போடக்கூட வழியில்லை.

என்ன சொல்வாள்? என்னைப் பற்றிச் சொல்ல அவளிடம் என்னதான் இருக்கிறது — ஒரு விசில் சத்தத்தைத் தவிர?

முதல் வேலையாக அந்தக் கூரையைச் சரிசெய்ய வேண்டும்.

ஜூன் 14, சனி

லிஃப்ட் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மேலே மோட்டார் முனகுவதைக் கீழ்த்தளத்தில் நின்று கேட்டே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவனுக்குச் சொந்த ஜீப் எங்கிருந்து ஊளையிடுகிறது என்று தெரியவில்லை. வெட்கத்தை விட்டு, வண்டிகளுக்கு சீட்டும் கூரையும் தைக்கிற குஷன் கடைக்காரரிடம் காட்டினேன். துணியை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணன் சட்டைய தம்பிக்குப் போட்ட மாதிரி தொளதொளன்னு மாட்டியிருக்கீங்க. நல்ல வெயில்ல நிறுத்துங்க. சூடேறினாத்தான் துணி இளகும். அப்ப இழுத்துக் கட்டுங்க."

முன்கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளியை அடைக்கிற ரப்பர் பீடிங்கையும் மாற்றச் சொன்னார். மகள் வருகிற ஞாயிறு வெயில் அடித்தால் சரி.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல வெயில். மகள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள நான் மறுமுனையை இழுத்துப் பட்டன்களை மாட்டினேன். கை எரிந்தது. பாவம், அவளுக்கும்தான். ஏரிப் பக்கம் போகலாமா என்று கேட்டாள். இதை முடித்துவிட்டுப் போவோம் என்றேன். முடிக்கும்போது கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. கடைசியில் மாடிப்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

துணி படபடப்பது நின்றது. விசில் நிற்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

புது பீடிங் ஒட்டியாயிற்று. கதவுகளுக்கு மேலே ஃபோம் டேப்பும் ஒட்டினேன். மழைக்கு முன்னால் ஒழுகலையும் பார்த்துவிடலாம் என்று மகளைச் சாக்பீஸோடு உள்ளே உட்காரவைத்தேன். நான் வெளியே ஹோஸால் தண்ணீர் அடித்தேன். எங்கே சொட்டுகிறதோ அங்கே வட்டம் போட வேண்டும். பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. பின்பக்கம் இரண்டு வட்டம் போட்டாள்.

"உன் சீட்டுக்கு மேல?"

"ஒண்ணும் இல்லப்பா."

அந்த இரண்டையும் அடைத்தேன். திரும்பும்போது இண்டிகேட்டர் டிக் டிக் என்பதுகூடக் கேட்டது! மனது துள்ளியது. பீடிங் எப்படி உட்கார வேண்டும், காற்று எப்படி நுழைகிறது என்றெல்லாம் வழி நெடுக விளக்கிக்கொண்டே வந்தேன். பிள்ளை மறுபேச்சு பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஜூலை 7, திங்கள்

சத்தம் ஒழிந்தது. இனி பேச்சு வரும்.

ஜூலை 20, ஞாயிறு

திரும்பும் வழியெல்லாம் பெருமழை. உள்ளே அமைதி. அவள் என் பக்கமாகச் சாய்ந்து, கிட்டத்தட்ட என் தோளில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படி உட்காருவாள். நான் எதுவும் பேசவில்லை. பேசினால் நகர்ந்துவிடுவாளோ என்று பயம். இந்த ஒரு நாளுக்காக எத்தனை பீடிங் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

ஜூலை 21, திங்கள்

அவள் அம்மா காலையிலேயே கூப்பிட்டாள். "பிள்ளை ஒரு பக்கத் தோள் முழுக்க நனைஞ்சு வந்து நின்னா. இப்ப காய்ச்சல். கூரைய சரி பண்ணியாச்சுன்னு சொன்னீங்க?"

வேலைக்குப் போகாமல் ஹோஸை எடுத்தேன். முன்மூலையில் நுழைகிற தண்ணீர் உள்கம்பி வழியாகவே ஓடி அவள் சீட்டுக்கு மேலே, கதவோரமாகச் சொட்டுகிறது. கொஞ்சநஞ்சம் இல்லை. அன்றைக்குச் சாக்பீஸோடு அதற்கு நேர் கீழேதானே உட்கார்ந்திருந்தாள்? அவள் தலையிலேயே விழுந்திருக்கும். ஒண்ணும் இல்லப்பா என்றாள்.

ஏன் பொய் சொன்னா? எங்கிட்ட என்ன பயம்? அடிச்சேனா, திட்டினேனா? ஒரு துளி விழுதுன்னு சொல்லக்கூட நான் ஆகாதவனா போயிட்டேனா?

அப்புறம் நேற்று — என் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. அது என்மேல் பாசத்தினால் இல்லை. சொட்டுக்கு ஒதுங்கியிருக்கிறாள். நான் ஒரு மடையன், உச்சி குளிர்ந்துபோய் வண்டி ஓட்டியிருக்கிறேன். எழுதவே அவமானமாக இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டதாம். ஒழுகலை அடைக்கிற ஸீலன்ட் ட்யூப் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த முறை அவள் வந்ததும் முதல் வேலை அதுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீட்டுக்கு வரும்வரை பொறுக்க முடியவில்லை. புறவழிச்சாலையிலேயே கேட்டுவிட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. பழையபடி கூரை ஊளையிட்டிருந்தால் பதில் வரவில்லை என்பதே தெரிந்திருக்காது. இப்போது அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"சொன்னா திரும்ப ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சிருவீங்க. என் ஞாயித்துக்கிழமை போயிரும்."

"உனக்காகத்தானேம்மா பண்ணேன். நாம பேசிக்கிட்டே வரலாம்னு."

"நான் அங்கதானப்பா இருந்தேன். அன்னைக்கு பூரா உள்ளதான் உக்காந்திருந்தேன்."

திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று ஹோஸால் தண்ணீர் அடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிறவளோடு பேச வழி தேடியிருக்கிறேன். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "ஏரிக்குப் போலாமா?" என்றேன். தலையை ஆட்டினாள்.

ஏரியில் தண்ணீர் குறைவு. கல் எறிந்தோம். என் கல் ஒன்றுகூடத் தண்ணீர்மேல் தத்தவில்லை என்று கேலி செய்தாள். ட்யூப் டாஷ்போர்டுக்குள்ளேயே கிடக்கிறது.

ஒரே ஒரு நல்ல நாள். அதுவும் கடைசி நேரத்தில். ஆலோசகர் அவளைக் கேட்கப்போவது புதன்கிழமை.

ஆகஸ்ட் 6, புதன்

இந்நேரம் கேட்டு முடித்திருப்பார்கள். யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. லிஃப்ட் கதவு ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டு மறுபடி கழற்றினேன்.

ஆகஸ்ட் 9, சனி

கூரையைத் தொடவில்லை. கை நமநமவென்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

ஞாயிறு வழக்கம்போல வரலாம் என்று அவள் அம்மாவிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. வழக்கம்போல என்றால் இந்த ஒரு தடவையா, எப்போதுமா? இதே கேள்வியைத் தட்டி அழித்து, தட்டி அழித்து, கடைசியில் 'சரி' என்று மட்டும் அனுப்பினேன். அதிகாரபூர்வமான முடிவு மாதக் கடைசியில்தான் வருமாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழை. இரண்டு துவாலை எடுத்துப் போயிருந்தேன். அவள் ஒரு குட்டிக் குடையோடு வந்தாள். ஏறினாள், கதவைச் சாத்தினாள், ஜீப்புக்குள்ளேயே குடையை விரித்தாள். ஒரு கம்பி என் காதில் குத்தியது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் எங்களைப் பார்த்த பார்வையில் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

குடைமேல் டொக் டொக் என்று விழுந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே தோழியோடு சண்டை, கணக்கு டீச்சர், பிடிக்காத சீருடை என்று நிறுத்தாமல் பேசினாள். என்னிடமும் கேள்வி கேட்டாள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் அழுவார்களா என்று. சிலர் பாடுவார்கள் என்றேன். புதன்கிழமை பற்றி அவள் வாய் திறக்கவில்லை. நான் கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதற்குள் உயிர் போய்விட்டது.

சாயங்காலம் அவள் அம்மா வீட்டு வாசலில் இறக்கியபோதும் தூறிக்கொண்டிருந்தது. அவள் குடையை மடக்கி, உதறி, சீட்டுக்குப் பின்னால் செருகினாள்.

"எடுத்துக்கிட்டுப் போம்மா, நனைவே."

"வீட்டுல வேற இருக்குப்பா. இது ஜீப்புக்கு."

வாசல்வரை ஓடிப் போய்த் திரும்பிக் கையசைத்தாள்.

குடை அங்கேயேதான் இருக்கிறது. காயப் போடக்கூட வெளியே எடுக்கவில்லை.