முதலாளிக்குப் போட்ட கோடு

9-5-2005, திங்கள்
காலை ஏழுக்கே அனல். கரண்ட் இல்லை. முதியோர் ஹோமில் பார்க்கின்சன் கேஸ் மூன்று. மாத்திரை, கஞ்சி, துணி மாற்றல் எல்லாம் என் தலையில்.

மூன்றாவது கட்டில் வே.மு. அதாவது வேலாயுதம் முதலாளி, மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தவர். அம்மா அவர் அளத்தில் கூலி. காய்ச்சலில் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள் என்று பொழுது சாயும்வரை வெயிலில் நிற்க வைத்தார். நான் பார்த்தேன், எட்டு வயது. இப்போது அவருக்கு என்னைத் தெரியவில்லை.

கக்கூஸ் வாசலில் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. இந்த வியாதிக்கு அப்படித்தான். லுங்கியிலேயே போய்விட்டார். சிரித்தேன். சத்தமாகவே.

11-5, புதன்
வாங்க: டெட்டால், பவுடர், எனக்குச் செருப்பு.

தரையில் ஒட்டடைக் கம்பு கிடந்தது. வே.மு.வின் நகராத கால் அதை வரப்பு மாதிரித் தாண்டியது! சாக்பீஸால் கட்டிலிலிருந்து வாசல்வரை குறுக்கே கோடு போட்டேன், அடிக்கு ஒன்று. நடந்தார். அளத்தில் நடப்பாரே, அதே நிமிர்ந்த நடை. வயிறு எரிந்தது.

"ஞாயித்துக்கெழம பையன் வர்றாம்மா. நடந்து காட்டினா வூட்டுக்கு இட்டுனு போறேன்னு சொல்லிட்டான்." அழுதார்.

"காட்டலாம் முதலாளி."

14-5, சனி
மாத்திரை சரியாக எட்டுக்கு. நாலு தடவை நடந்தார். கோடு எதற்கென்று மேட்ரனுக்குச் சொல்லவில்லை. தலைவலி.

15-5, ஞாயிறு
"மேரி, தரைய தொடச்சி வுடு, ஆளுங்க வர்றாங்க." மேட்ரன்தான் சொன்னார். துடைத்தேன். கோடெல்லாம் போயிற்று. சாக்பீஸ் இடுப்பில்.

பத்துக்கு மகன். "எழுந்து வாப்பா, பாக்கலாம்."

எழுந்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கோடு... கோடு போடும்மா."

"இன்னா கோடு?" மகன் என்னைக் கேட்டார்.

"தெரியலைங்க. இப்பல்லாம் ஏதாச்சும் ஒளர்றாரு."

"இங்கியே இருக்கட்டும்." பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்.

கார் போன பிறகும் முதலாளி கால் மணி நேரம் அப்படியே நின்றார். நான் உட்கார வைக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதுவானேன்.

சாயங்காலம் எங்கள் ஊர் அனுமந்தைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். யோசித்தாள்.

"அவரா நிக்க வெச்சாரு? ஞாபகமில்லடி. யாராச்சும் நிக்க வெச்சினேதான் இருப்பாங்க. பாவம், நடந்தாராமே, கோடு போட்டிருக்கக் கூடாதா?"

சாப்பிடாமல் திரும்பினேன்.

16-5, திங்கள்
மேகம். மழையில்லை. மாத்திரை எட்டுக்கே கொடுத்தேன். விடிந்ததும் போட்ட கோடு, வாசலைத் தாண்டி வராந்தா முடிய. "வாங்க முதலாளி" என்றேன். கையைப் பிடித்துத் தூக்கினேன்.

கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கால் வைக்கவில்லை.