நுரை காயாத "இதோ"

தங்கம்,

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். கடைச் சாவி ஆணியில் தொங்குகிறது. முடி வெட்ட வாத்தியார் வந்தால், நாளைக்கு வரச் சொல்.

நேற்று நீ கேட்டது இன்னும் காதில் குத்துகிறது. "குளியலறையிலிருந்து நீங்க 'இதோ'ன்னு சொன்னா அரை மணி நேரம். ஆண்டவர்கிட்டயும் அதே 'இதோ'தானா?"

சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் சவரம் செய்ய ஆள் வேண்டும் என்று சபையில் போதகர் கேட்டதும், முதலில் எழுந்து "இதோ, நான் இருக்கேன்" என்றவன் நான்தான். அதற்கப்புறம் அந்த இல்லத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கடையில் கூட்டம் என்று உன்னிடம் அளந்தேன். நிஜத்தில் பயம்.

இன்று காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது அங்கிருந்து நர்ஸம்மா போன் செய்தார். ஒரு பெரியவரைப் பார்க்க மகள் வருகிறாளாம். அதற்குள் முகம் மழிக்க யாராவது வருவார்களா என்று பெரியவர் கேட்கிறாராம். "இதோ" என்றேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் காலில் செருப்பு, கையில் சவரப் பெட்டி. எப்போது மாட்டினேன், எப்போது எடுத்தேன், தெரியவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது. கால்தான் அதன் பேச்சைக் கேட்கவில்லை. வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு என் சவரக்கத்தியும் வேண்டியிருக்கிறதே! உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, தங்கம்.

பி.கு: இப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு கன்னம்தான் மழித்திருக்கிறேன், மறு கன்னத்தில் நுரை. துடைத்துவிட்டு அப்படியே கிளம்புகிறேன். அதற்காக நின்றால், இதுவும் பழைய "இதோ" ஆகிவிடும்.