அண்ணாவின் பத்து

12 மார்ச் 1997, புதன்

அப்பாதான் அண்ணாவை வீட்டைவிட்டுத் துரத்தினார். வேலைக்குக் கிட்ட என்று அவன் நகரத்தின் மறுகோடி மில்லிக்கனுக்குக் குடி மாறிவிட்டான் என அம்மா மாதா கோயிலில் சொல்லித் திரிவது பொய். எஞ்சினியர் படிப்பை விட்டுவிட்டுக் கார் திருத்தும் கராஜில் சேர்ந்தான், அதுதான் அவன் செய்த குற்றம். அப்பா இரவு முழுக்கத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். மகனின் கையில் எண்ணெய் பட்டால் மட்டும் மானம் போய்விடுமாம்.

எங்கள் வீட்டுச் செபமாலையில் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பத்து, அதாவது பத்து மணிகளின் செபத்தை ஒருவர் முன்னின்று சொல்லவேண்டும். மூன்றாவது அண்ணாவுடையது. அவன் போன நாளிலிருந்து அதையும் அப்பாவே சொல்கிறார். இன்றும் மூன்றாவதைத் தொடங்கத் தொண்டையைச் செருமினார்.

"அது அண்ணான்ரை டேர்ன்," என்றாள் தங்கச்சி.

"வாயை மூடடி," என்று அம்மா அதட்டினார்.

நான் முந்திக்கொண்டேன். "இந்தப் பத்து அண்ணாவுக்காக," என்று தொடங்கினேன். கோபத்தில் குரல் நடுங்கியது. ஐந்தாவது மணியில் நடுக்கம் நின்றுவிட்டது, ஏனென்று தெரியவில்லை. செபம் அப்பாவைத் திருத்தும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இத்தனை நாளில் இன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு விட்டேன். அப்பாவும் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் மறுபாதியை மெதுவாக மறுமொழியாகச் சொன்னார்.

அந்தத் துணிவில்தான், அவர் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போடும்போது கேட்டேன்.

"அப்பா, நாளைக்கு அண்ணாவுக்குப் போன் எடுங்கோ. நீங்கள்தான் எடுக்கவேணும்."

நாடாவைக் கட்டினார். அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார்.

"கேக்குதோ, அப்பா?"