கரோலின் தபால் வாக்கு

அக்டோபர் 4, 1978. துபாய்.

இல்லை, அவளுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து ஃபிளாட் அமெரிக்கக்காரி கரோல் தபால் வாக்குச்சீட்டோடு என் சமையலறைக்கு வந்தாள். அவளுடைய மாநிலத்தின் அரசியல் சட்டத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று அதில் கேட்டிருந்தது. சட்டசபை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் 'ஆம்' போட்டால்தான் செல்லும். நான் பி.ஏ.யில் படித்ததுதான். நம் நாட்டில் ஜனங்களிடம் இப்படிக் கேட்பதில்லை.

"என் கணவர் 'இல்லை' போடச் சொல்கிறார். நீ சொல், எதைப் போடட்டும்?" என்றாள்.

'ஆம்' என் நாக்கு நுனிவரை வந்தது. அப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் டியூட்டி போன வாத்தியார். அம்மா யாருக்குப் போட்டாள் என்று வீட்டில்கூடக் கேட்டதில்லை. நான் அடுப்புப் பக்கம் திரும்பிப் பால் காய்ச்சினேன். பின்னால் பேனா கீறும் சத்தம் கேட்டது.

இவர் தேரா பகுதியிலுள்ள ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"கொஞ்சம் எட்டிப் பாத்திருக்கக் கூடாதாடி?"

"நாளைக்கு என் சீட்டையும் இப்படித்தான் எட்டிப் பாப்பீங்களா?"

"எதுக்கு? நான் சொல்றதுக்கு நேர்மாறாத்தானே போடுவே!" என்று சிரித்தார்.

நம் ஊரில் ஓட்டுரிமை வயது இருபத்தொன்று; அது முடியுமுன் இங்கே வந்துவிட்டேன். ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டுமோ? ஒரே ஓட்டில் அந்த வரி தோற்றுவிட்டால்? உறையை ஒட்டி, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடமே தந்திருக்கிறாள். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம்போல் இருந்தது.

பார்க்கவில்லை. இவருடைய ஆபீஸ் பைக்குள் வைத்து மூடினேன்.