முன்னால் ஒரு நம்பர், பின்னால் ஒரு நம்பர்

என் அக்காவுக்கு,

உன் கேமரா இப்போது என் கழுத்தில் தொங்குகிறது. கேட்டுவிட்டு எடுத்திருப்பேன், கேட்க நீ இல்லை. சனிக்கிழமைகளில் அம்மாவோடு ரயிலேறித் திருவனந்தபுரம் போகிறேன். துணிக்கடையில் அம்மாவின் வேலை முடிகிற வரை, எதிரே உள்ள நடைமேம்பாலத்தில் நின்று இருட்டில் படம் எடுக்கப் பழகுகிறேன்.

முதலில் எனக்கு வெறும் கோடுகள்தான் கிடைத்தன. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் வண்டிகள் மறைந்து, விளக்குகள் மட்டும் வெள்ளையும் சிவப்புமாக நீண்டு கிடக்கும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடந்து போனவர்களில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. எனக்கு அது பயமாக இருந்தது. உன் ஸ்கூட்டரை இடித்துவிட்டு நிற்காமல் போன லாரியையும் நாங்கள் இப்படித்தானே தொலைத்தோம்?

பனச்சமூட்டில் அந்த அந்தியில் நடந்ததை ஊர் இன்னும் இரண்டாகத்தான் பேசுகிறது. மீன் விற்கும் தங்கம்மா சித்தி லாரி எதிரே வருவதைக் கண்டவள். "கே.எல். வண்டியாக்கும். சந்தை லைட்டு வெட்டத்துல நல்லா கண்டேன்" என்கிறாள். பஞ்சர் கடை ராஜன் மாமா அது ஓடிப்போவதைக் கண்டவர். "டி.என். தான். எனக்க கண்ணு என்ன பொட்டையா?" என்கிறார். பக்கவாட்டில் வரைந்திருந்த நீல மயிலை மட்டும் இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்.

கேரளப் போலீஸ் அது தமிழ்நாட்டு வண்டி என்றது. தமிழ்நாட்டுப் போலீஸ் கேரள வண்டி என்றது. எல்லையில் வாழ்கிற நமக்கு, வண்டியைக் கண்டால் முதலில் அந்த இரண்டு எழுத்துதானே கண்ணில் படும்? அதனால் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எல்லோருமே நம்பினோம். அம்மா ராஜன் மாமாவோடு பேச்சை நிறுத்தினாள்.

போன சனிக்கிழமை, பாலத்துக்குக் கீழே சிக்னலில் ஒரு கல் லாரி வந்து நின்றது. பக்கத்தில் நீல மயில். இதற்குள் நான் பழகியிருந்தேன். ஷட்டரைச் சட்டென்று மூட வேண்டும், படம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, எழுத்து தெரிந்தால் போதும். முன்பக்கத்தை எடுத்தேன். பச்சை விழுந்ததும் பாலத்தின் மறுபக்கம் ஓடிப் பின்பக்கத்தை எடுத்தேன்.

முன்னால் கே.எல்., பின்னால் டி.என்.

ஒரே லாரி, அக்கா. சித்தியும் பொய் சொல்லவில்லை, மாமாவும் பொய் சொல்லவில்லை. உன்னை இடித்தது இதுதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நீ கண்டாயா? எந்த நம்பரைக் கண்டாய்? இல்லை, விளக்கை மட்டும்தான் கண்டாயா?

வேலை முடிந்து வந்த அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அவள் பாலத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அழிச்சுப் போடு மக்கா."

"ஏன்ம்மா?"

"ரெண்டு நம்பர் வச்சு ஓட்டுதவன் எதுக்கும் துணிஞ்சவனாக்கும். ஒருத்தியக் குடுத்தாச்சு. எனக்கு அது போரும்."

"அப்போ ராஜன் மாமா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், பின்பக்கப் படத்தின் ஓரத்தில் இருந்தவனைக் கண்டேன். கிளீனர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தான். அவன் போன் பாலத்தை நோக்கி இருந்தது. அன்று வகுப்பு இருந்ததால் நான் பள்ளிச் சீருடையில் இருந்தேன்.

நேற்று யாரோ பள்ளிக்கூட வாட்ச்மேனிடம், கேமரா வைத்திருக்கிற பிள்ளை எது என்று கேட்டார்களாம். இன்று அம்மாவிடம் சொன்னேன். கேமராவைப் பிடுங்கி ஒளித்து வைப்பாள் என்று நினைத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பஞ்சர் கடைக்கு நடந்தாள்.

"அண்ணே, நாளைக்கு எங்ககூட போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவியளா?"

ராஜன் மாமா டியூபிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "பொய் சொல்லுதவன எதுக்கு கூட்டிட்டுப் போற?"

அம்மா என்னை முன்னால் தள்ளினாள். நான் படத்தைக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"தங்கம்மையையும் கூட்டிக்கோ. கடைய அடச்சிட்டு வாறேன். ரெண்டு ஸ்டேஷனுக்கும் போவோம்."

படம் இப்போது சித்தியின் போனிலும் மாமாவின் போனிலும் இருக்கிறது. இதை எழுதும்போது ரோட்டில் ஒரு லாரி வேகம் குறைகிற சத்தம் கேட்கிறது. விளக்கை அணை என்கிறாள் அம்மா. அணைக்கிறேன். படத்தை மட்டும் அழிக்க மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உனக்கு இளையவளாகவே இருக்க ஆசைப்படும்,
உன் தங்கை