திங்கட்கிழமைக் காடு

நவம்பர் 16, சனி

இன்று காலை சேந்தனுக்கு ஐயப்பன் மாலை போட்டுவிட்டேன். பாரிஸ் லா சப்பலில் என்னை விஞ்சிய குருசாமி கிடையாது. சபரிமலைக்குப் பதினெட்டு முறை போனவன் நான். (மூன்று என்பாள் நாகேஸ்வரி. பெண்சாதிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டா போவது?)

சேந்தன் இங்கே ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். விசா இல்லை. ஊரில் மகளுக்கு நெஞ்சில் ஒப்பரேசன், பிழைத்தால் மலைக்கு வருவேன் என்று நேர்ந்தான். பிள்ளை பிழைத்துவிட்டது, இவனால் பிளேன் ஏற முடியாது.

"இருமுடியோடை ஒரு காடெண்டாலும் தாண்டவேணும் அண்ணை. இல்லாட்டி பிள்ளைக்கு ஏதும் வந்திடும்."

பிரான்சில் காட்டுக்கா பஞ்சம்? RER ரயிலின் கடைசித் தரிப்புக்குப் பக்கத்தில் ஒரு அரச காடு இருக்கிறது. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறி, கோயிலுக்கு வந்து நெய்த்தேங்காயை உடைக்க வேண்டியதுதான். பொங்கலுக்கு முதல்நாள் யாத்திரை. அதுவரை பழக்கத்துக்கு நடை. இப்படி ஒரு ஏற்பாடு வேறு யாருக்கு வரும்?

நவம்பர் 18, திங்கள்

முதல் நடை. சேந்தனின் கடைக்குத் திங்கள்தான் லீவு. காட்டுக்கும் திங்கள் விசேஷம் போலிருக்கிறது: வாசலில் 'இன்று வேட்டை' என்று பலகை. செம்மஞ்சள் உடுப்போடு துவக்குக்காரர் நின்றார்கள்.

சேந்தன் பின்வாங்கினான். "அரச காடு, எல்லாருக்கும் சொந்தம். அவை ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்" என்றேன். வெடிச் சத்தத்தை வைத்தே துவக்கின் வயதைச் சொன்னேன். அசந்துபோனான்.

வீட்டில் நாகேஸ்வரி, "அவங்கள் அந்த நிறத்திலை திரியிறாங்கள் எண்டால் ஏதோ காரணம் இருக்கும். நீங்களும் காவி கட்டலாந்தானே?" என்றாள்.

முதல்முறை போகிறவன் கன்னிசாமி. கன்னிசாமிக்குக் கறுப்புத்தான் எடுப்பு. டீவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

நவம்பர் 25, திங்கள்

மழை. போகவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

மூன்று தாளைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். பேனைதான் சரியில்லை.

சேந்தன் வெறுங்காலோடு நடந்தான். காலில் முள் ஏற, பாதையை விட்டு ஒதுங்கிப் புதரடியில் குனிந்தான். வெடித்தது. அவன் தலைக்கு ஒரு முழம் மேலே மரப்பட்டை பறந்தது.

ஒரு கிழவன் ஓடிவந்தான், முகத்தில் இரத்தமே இல்லை. "பன்றி என்று நினைத்தேன்! கறுப்பில், புதருக்குள், குனிந்துகொண்டு..." நான் பாய்ந்து அவனுடைய துவக்கைப் பறித்தேன் —

பறிக்கவில்லை. பறித்திருப்பேன்.

நாயோடு உலாவ வந்த ஒரு பெண், பெயர் ஆரெலியாம், அவர்கள்மேல் பாய்ந்தாள். "நடக்க வருகிறவர்களைச் சுடவா உங்களுக்குக் காடு?" "பலகை போட்டிருக்கிறது, மதாம்! கண் இல்லையா?" அவள் கத்த, அவர்கள் கத்த, நாய்களும் குரைத்தன. நடுவில் சேந்தன், சுட்ட கிழவனையே கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சாமி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." மாலை போட்டால் எவரும் சாமிதானே.

ஆரெலி பொலிசைக் கூப்பிடப் போனை எடுத்ததும் சேந்தன் ஓடினான். ஒரு மரவேரில் தடக்கி விழுந்து, எழும்பி மறுபடி ஓடினான். நான் அவளிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் கொடுத்தேன்? சாட்சிக்கு நான் இருக்கிறேன் என்று காட்டத்தான்.

டிசம்பர் 3, செவ்வாய்

வெறும் வீக்கம் என்கிறான் சேந்தன். முழங்கால் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் விசா கேட்கமாட்டார்கள் என்று சத்தியம் பண்ணினேன். அவன் நம்பவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

ஆரெலி போன் பண்ணினாள். வேட்டைக்காரர்கள்மேல் வழக்குப் போட ஆட்கள் சேர்ந்திருக்கிறார்களாம். "உங்கள் நண்பர் பெயரைச் சொல்லி ஒரு முறைப்பாடு கொடுத்தால் போதும், இந்தமுறை அவர்கள் தப்பமுடியாது."

நல்ல பெண். அவளுக்கு என்ன சொல்ல? நண்பர் யாழ்ப்பாணம் போய்விட்டார், அங்கே பெரிய மில் முதலாளி என்றேன். பொய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் போனை வைத்துவிட்டு நேரே அவனுடைய கடைக்குப் போனேன்.

அடுப்படியில் சேந்தன் உள்ளித் தோல் உரித்துக்கொண்டிருந்தான். அடுத்த மூட்டைக்கு நொண்டி நொண்டிப் போனான்.

டிசம்பர் 17, செவ்வாய்

காட்டு இலாகாவுக்குப் போன் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை வேட்டை இல்லை, நிம்மதியாக வாருங்கள் என்றார்கள். மரியாதையான ஆட்கள்.

சேந்தனின் முதலாளியிடம் போனேன். "ஒரே ஒரு ஞாயிறு விடு தம்பி, நேர்த்தி."

"ஞாயிறோ? அண்டைக்குத்தான் சனம் வாசல்மட்டும் நிக்குது. ஒரு கிழமை விட்டால், அண்ணை, வேறை ஆளைப் போட்டிடுவன்."

நகரசபையில் எனக்கு ஆள் இருக்கிறது, உன் கடையை மூடவைப்பேன் என்றேன். "ஓம் ஓம், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றான். குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 30, திங்கள்

காவி வேட்டி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சேந்தன் தொடவில்லை. சட்டிமூடி விழுந்தாலும் குனிகிறானாம், கூட வேலைசெய்கிறவர்கள் சிரிக்கிறார்களாம்.

"காடு வேண்டாம் அண்ணை. ஆனால் பிள்ளை?"

காடில்லாமலே காடு தாண்டவைக்கிறேன் என்றேன். குருசாமிக்கா வழியில்லை!

ஜனவரி 13, திங்கள்

நாகேஸ்வரியே எங்கள் வீட்டில் நெய்த்தேங்காய் வைத்து இருமுடி கட்ட உதவினாள். ஒபர்வில்லியே கால்வாய்க் கரைக்குப் போனோம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கிடங்குச் சுவர். மேடு பள்ளமில்லாத கொங்கிரீட்டுப் பாதை. சைக்கிள்காரர் மணி அடித்து அடித்துப் போனார்கள்.

சேந்தன் இருமுடியைத் தலையில் வைத்து வெறுங்காலோடு நடந்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "மலைப் பாதையிலை இப்ப எது வருது சாமி?"

"அழுதை ஆறு. தண்ணி முழங்கால் மட்டும்" என்றேன்.

வேட்டியைத் தூக்கிப் பிடித்தான்.

"இப்ப?"

"கரிமலை ஏத்தம். கல்லுக் கிடக்கு. என்ரை தோளைப் பிடி."

பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அந்தச் சமதரையில் ஏறத் தொடங்கினான்.